பித்தளைத் தோட்டாக் கூடும் பருவ வெடிப்பும்

துப்பாக்கி வெடித்தபின் குண்டு போய்விடும், பித்தளைக் கூடு மிஞ்சும். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உப்பிய அந்தக் கூட்டை அச்சில் செலுத்திப் பழைய அளவுக்கு இறுக்கித் தரும் கைப்பொறி, மீள்நிரப்பு அச்சுப்பொறி எனப்படும். கூடு அச்சில் சிக்குவது, விளிம்பு கிழிவது, கழுத்துப் பகுதி பிளப்பது ஆகியவை இப்பொறியில் அடிக்கடி நேரும் தொல்லைகள். பார்ப்பவர் பொறியையே குறை சொல்வார். ஆனால் இவற்றில் பல, பித்தளையின் குணத்தால் வருபவை. அந்தக் குணத்தைப் படைத்துறை பெரும் செலவில் அறிந்துகொண்ட இடங்களில் ஒன்று இந்தியா.

பொழிச்சலூரை ஒட்டிய பல்லாவரமும், அதற்கு அடுத்த பரங்கிமலையும் ஆங்கிலேயர் காலப் படைக் குடியிருப்புகள். பரங்கிமலை சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. இத்தகைய குடியிருப்புகளில் வீரர், குதிரை, லாயம், தோட்டாக் கிடங்கு எல்லாம் அருகருகே இருக்கும். இந்த அண்மையே பின்னால் சொல்லப்போகும் சிக்கலுக்கு வழிவகுத்தது.

1857இல் பேசப்பட்ட என்ஃபீல்டு தோட்டா வெறும் காகிதச் சுருள். 1866இல் ஸ்னைடர் துப்பாக்கி வந்தபோது, எட்வர்டு பாக்சர் என்னும் அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடு வழக்குக்கு வந்தது. அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றியிலும் சுருள் கூடுதான். 1885 ஜனவரியில் சூடானில் அபு கிளியா போரில், சூட்டிலும் மணலிலும் கூடுகள் துப்பாக்கியின் அறையிலேயே ஒட்டிக்கொண்டன; வெளியே இழுத்தால் அடிப்பகுதி மட்டும் கையோடு வந்தது. இதன் பிறகு, ஒரே பித்தளை வில்லையை அச்சில் பல முறை அழுத்தி இழுத்துச் செய்யும் தையலற்ற கூடு பரவலாயிற்று. சிக்கும் தொல்லை குறைந்தது. ஆனால் அந்த அழுத்து வேலையே புதிய கோளாறு ஒன்றைக் கூட்டுக்குள் வைத்து அனுப்பியது.

இந்தியாவில் மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். அந்த மாதங்களில் தோட்டாக்களை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். வெயில் திரும்பி எடுத்துப் பார்த்தால், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில் கூடுகள் பிளந்து கிடக்கும். யாரும் சுடவில்லை, கீழே போடவும் இல்லை. பருவத்தோடு வந்ததால் இதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயராயிற்று. மழை ஈரத்தின் மேல் பழி போவது இயல்புதான்.

உண்மைக் காரணம் 1921இல்தான் தெளிவாயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் இரண்டு காரணங்கள் சேர்ந்தே பித்தளையைப் பிளக்கின்றன என்று விளக்கினர். ஒன்று, குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா. அது ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையிலுள்ள செம்பைக் கரைக்கும். மற்றொன்று, அச்சில் அழுத்தியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம். இறுக்கம் இல்லாத பித்தளையை அம்மோனியா இப்படிப் பிளப்பதில்லை. எனவே தீர்வும் தொழிற்சாலையிலேயே இருந்தது: அழுத்தி முடித்த கூட்டை, வலிமை குன்றாத அளவு மிதமாகச் சூடாக்கினால் உள்ளிறுக்கம் தளர்ந்துவிடும். லாயத்தில் தெரிந்த பழுது பிறந்த இடம் அச்சுக்கூடம்.

நம் ஊர்ப் பாத்திரம் செய்யும் கன்னார்களுக்கு இதன் பாதி புதிதல்ல. பித்தளையைத் தட்டத் தட்ட அது விறைத்துப்போகும். இடையிடையே காய்ச்சாமல் தொடர்ந்து தட்டினால் விரிசல் விடும் என்பது அவர்கள் தொழிலின் பாலபாடம். அம்மோனியாவின் பங்குதான் ஆய்வுக்கூடம் சேர்த்த செய்தி.

மேசைமேல் நிற்கும் சிறு மீள்நிரப்புப் பொறிக்கும் இதே விதி பொருந்தும். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் கூட்டின் கழுத்து விறைக்கிறது; சில சுற்றுகளில் பிளக்கிறது. எண்ணெய்ப் பசையில்லாத கூடு அச்சின் சுவரைக் கவ்விக்கொள்கிறது. வலிந்து இழுத்தால் விளிம்பு கிழிகிறது. அபு கிளியாவில் துப்பாக்கி அறையில் நடந்ததற்கு இது வெகு தூரமில்லை.

இன்னொரு பழுதுக்கும் வரலாறே காரணம். கூட்டின் அடியிலுள்ள பழைய கேப்பை வெளியே தள்ள, பொறியில் ஓர் ஊசி உண்டு. பாக்சர் முறைக் கூட்டில் நடுவே ஒரே துளை. ஊசி நேராக இறங்கும். அமெரிக்கரான ஹைரம் பெர்டன் அமைத்த முறையில் நடுவிலிருந்து விலகிய இரண்டு துளைகள். ஊசி முட்டி வளையும், ஒடியும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரான பாக்சரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் முறை ஐரோப்பியப் படைகளில் நிலைத்தது. அமெரிக்காவில் மீள்நிரப்பு வீட்டுக் கைவேலையாக வளர்ந்ததற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

இந்தியாவில் அப்படி வளர இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வெடிபொருள் என்பதற்குத் தரும் வரையறையில், தோட்டாவின் பாகங்களோடு அதைத் தயாரிக்கும் பொறிகளையும் சேர்த்திருக்கிறது. உரிமமின்றித் தயாரிப்பதும் குற்றம். அதனால் இங்கே தோட்டாத் தொழில் பெரிதும் அரசுத் தொழிற்சாலைகளிடமே இருந்துவந்தது. தமிழ்நாட்டில், நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை தோட்டாக்களுக்கான உந்துமருந்தைச் செய்துவருகிறது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் உள்ளது.