பெரட்டுத் தப்பிலிருந்து கைத்தொலைபேசி வரை

மில்லிக்கனில் கென்னடி வீதியும் ஸ்டீல்ஸ் வீதியும் சந்திக்கும் இடத்தில், விடியற்காலையில் பேருந்துக்குக் காத்துநிற்கும் எம்மவரின் கண்கள் கைத்தொலைபேசியிலேயே பதிந்திருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அது பொழுதுபோக்குக்காக அன்று. இன்று வேலை உண்டா, இல்லையா என்னும் செய்தி அதில்தான் வருகின்றது. பேருந்தில் ஏறிய பின்னர் "இன்று வரவேண்டாம்" என்ற செய்தி கிடைத்து, இடைவழியில் இறங்கி வீடு திரும்பியவர்களை நாம் அறிவோம்.

தொழிலாளியின் நேரத்தை அளக்கும் கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறிய இங்கிலாந்தின் நெசவாலைகள் வரை செல்லவேண்டியதில்லை; எமது மலையகமே போதும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய பின்னர் பெருகிய தோட்டங்களில், விடியுமுன் தப்பு ஒலிக்கும். லயங்களிலிருந்து தொழிலாளர் பெரட்டுக்கு விரைவர். அங்கே பெயர் பதிவாகும். ஒருநாட் கூலிக்கே தோட்டங்களில் 'பேர்' என்று பெயர். குறித்த வேலை குறைந்தால் 'அரைப்பேர்' மட்டுமே கிடைக்கும். பெண்களோ தப்பு ஒலிக்குமுன்னரே எழுந்து, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறவேண்டும். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் வரலாறு கற்பித்த எம்மைப் போன்றோர், அரசர்களின் ஆண்டுகளை மனனம் செய்வித்தோமேயன்றி, இந்த அரைப்பேரைப் பற்றி ஒரு வகுப்பிலேனும் பேசியதில்லை. இதனை வெட்கத்துடனேயே எழுதுகின்றோம்.

தப்பின் இடத்தை மேற்குலகில் மணிக்கூடு பிடித்தது. 1888இல் நியூயோர்க் மாநிலத்தின் ஓபர்ன் நகரில் வாழ்ந்த வில்லார்ட் பண்டி என்னும் நகை வணிகர், வேலைக்கு வரும் நேரத்தைப் பதியும் மணிக்கூட்டை உருவாக்கினார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் இலக்கமிட்ட ஒரு திறப்பு. அதை நுழைத்துத் திருப்பினால் இலக்கமும் நேரமும் கடதாசியில் அச்சாகும். அவர் குடும்பம் தொடங்கிய தொழில் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1917இல் முதலில் கனடாவிலேயே ஐ.பி.எம். என்னும் பெயரைச் சூடியது. 1924இல் தாய் நிறுவனமும் அப்பெயரை ஏற்றது. பிற்காலத்தில் அதன் கனேடியத் தலைமையகம் எமக்கு அயலில், மார்க்கத்தின் ஸ்டீல்ஸ் வீதியிலேயே அமைந்தது. அவ்வழியே எத்தனையோ முறை பேருந்தில் சென்ற நாம், எமது அட்டையை அடித்த மணிக்கூட்டின் பரம்பரை அங்கிருப்பதை அறிந்திருக்கவில்லை.

கனடா வந்த புதிதில் நாம் வேலைசெய்த தொழிற்சாலையில் 'பஞ்ச் காட்' முறை இருந்தது. மூன்று நிமிடம் பிந்தினால் கால்மணிச் சம்பளம் வெட்டப்படும். கரும்பலகைக்கு முன்னால் நின்ற கை அட்டையுடன் வரிசையில் நின்றது. எனினும் அந்த மணிக்கூட்டுக்கு ஒரு நேர்மை இருந்தது. நேரம் எமது கண்முன்னே மையில் அச்சாகும். முதலாளியால் அதை மறுக்க இயலாது. மூன்றரை மணிக்கு அட்டையை அடித்து வெளியேறினால் அன்றைய நாளின் மிகுதி எம்முடையது. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தோம். ஒரே பானைச் சோற்றைச் சேர்ந்திருந்து உண்டோம்.

கைத்தொலைபேசி அழித்தது இந்த மிகுதியைத்தான். இரவு பத்து மணிக்கும் ஷிப்ட் மாற்றச் செய்தி வருகின்றது. தாய்க்கு ஒரு ஷிப்ட், தந்தைக்கு வேறொன்று, கல்லூரிக்குச் செல்லும் மகனுக்கு மூன்றாவது. ஒரு வீட்டில் மூவர் குளிரூட்டியில் ஒட்டிய துண்டுக் கடிதங்கள் மூலமே உரையாடுவதை நாம் கண்டோம்.

இதற்குப் பரிகாரம் ஒருமுறை வாசல்வரை வந்தது. 2017இல் ஒன்ராறியோ சட்டசபை நிறைவேற்றிய 148ஆம் சட்டமூலம், 2019 ஜனவரி 1 முதல் இரு உரிமைகளை, சில விலக்குகளுடன், வழங்கவிருந்தது. 96 மணித்தியாலத்துக்கும் குறைந்த அறிவித்தலில் வேலைக்கு அழைத்தால் தொழிலாளி மறுக்கலாம். 48 மணித்தியாலத்துக்குள் ஷிப்டை ரத்துச் செய்தால் மூன்று மணித்தியாலச் சம்பளம் கொடுக்கவேண்டும். ஆனால் ஆட்சி மாறியது. நடைமுறைக்கு வர ஏறத்தாழ ஆறு கிழமைகள் இருக்கையில், 2018 நவம்பரில், 47ஆம் சட்டமூலம் அவ்விரண்டையும் நீக்கியது. 2021இல் வந்த சட்டம், 25 பேருக்குக் குறைவான தொழிலாளரைக் கொண்ட சிறு நிறுவனங்களை விடுத்து, ஏனைய முதலாளிகள் வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்புகள் பற்றி ஓர் எழுத்துமூலக் கொள்கை வைத்திருக்கவேண்டும் என்றது. அக்கொள்கையில் என்ன இருக்கவேண்டும் என்பதை முதலாளியிடமே விட்டுவிட்டது!

எஞ்சியிருப்பது பழைய மூன்று மணித்தியால விதி. வழமையாக மூன்று மணிக்கு மேல் வேலைசெய்யும் ஒருவர் வேலைத்தலத்துக்கு வந்தபின் முன்னதாகவே திருப்பி அனுப்பப்பட்டால், பொதுவாக மூன்று மணித்தியாலச் சம்பளம் பெற உரித்துடையவர். வாசலை அடைந்தால்தான் இது பொருந்தும். செய்தி ஏன் பேருந்திலேயே வந்துவிடுகின்றது என்பது இப்போது விளங்கும்.

எம்மிடம் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கும் சிறுமியொருத்தியின் தாயார், செய்தி வந்த திகதி, நேரம், அவ்வேளை தாம் நின்ற இடம் ஆகியவற்றை மகளின் பழைய கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வருகின்றார். சென்ற மாதக் கணக்கை வாங்கிப் பார்த்தோம். ஏழு நாட்கள். அவற்றுள் இரண்டு, தொழிற்சாலைக்கு முந்திய தரிப்பிடத்தில்.