‘எக்ஸ்’ கண்டுபிடிச்சாதான் டிகிரியா? அமெரிக்க கம்யூனிட்டி காலேஜின் ‘எலிமெண்டரி அல்ஜீப்ரா’ வகுப்பு... முழு விவரம்!

3எக்ஸ் + 5 = 20. அப்படின்னா எக்ஸ் எவ்வளவு?

‘5’னு சட்டுனு சொல்லிட்டீங்களா? தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு மாணவர் போடும் கணக்குதான் இது. ஆனால், அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வரும் பல பேருக்கு, பட்டத்துக்கு முன்னால் நிற்கும் முதல் சுவர் இந்தக் கணக்குதான். பள்ளியை முடித்து 10, 15 வருஷம் கழித்து நர்ஸ் ஆகணும், ஆபீஸ் வேலைக்குப் போகணும் என்று கல்லூரி வாசலை மிதிப்பவர்களை, ‘முதல்ல அல்ஜீப்ரா முடிச்சுட்டு வாங்க’ என்று அனுப்பிவிடும் வழக்கம் பல ஆண்டுகளாக அங்கே இருந்தது. அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை.

ஏன் அப்படி? இந்த வகுப்பில் என்னதான் இருக்கிறது? இப்போது என்ன மாறியிருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன?

அமெரிக்காவில் உள்ள 2 ஆண்டுக் கல்லூரிகள்தான் கம்யூனிட்டி காலேஜ்கள். 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ்தான் இவற்றில் மிகப் பழமையானது. இன்று நாடு முழுக்க சுமார் ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மட்டும் 116.

கட்டணம் குறைவு. கட் ஆஃப் மார்க் கிடையாது. பெரும்பாலான படிப்புகளுக்கு, பள்ளிப் படிப்பை முடித்த யார் வேண்டுமானாலும் சேரலாம். இங்கே ‘அசோசியேட்’ என்ற 2 ஆண்டுப் பட்டம் வாங்கலாம். அல்லது 2 ஆண்டு படித்துவிட்டு, பெரிய பல்கலைக்கழகத்தில் நேரடியாக 3-ம் ஆண்டுக்கு மாறலாம்.

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கு. சிக்கல் உள்ளே போன பிறகுதான்.

என்னென்ன பாடம் இருக்கும்?

எலிமெண்டரி அல்ஜீப்ரா என்பது அடிப்படை இயற்கணிதம். மிகை, குறை எண்களில் தொடங்கி, ஒரு மாறியில் அமைந்த சமன்பாடுகள், வரைபடம், கோட்டின் சாய்வு, இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது, அடுக்குகள், பல்லுறுப்புக் கோவைகள், காரணிப்படுத்துதல், வர்க்கமூலம் என்று போய், இருபடிச் சமன்பாட்டில் முடியும்.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 8 முதல் 10-ம் வகுப்பு வரையிலான அல்ஜீப்ரா பகுதி. வித்தியாசம் வேகத்தில்தான் இருக்கிறது. நாம் 3 வருஷத்தில் படித்ததை அங்கே ஒரே செமஸ்டரில், அதாவது சுமார் 15, 16 வாரத்தில் முடிக்க வேண்டும். ஒரு வாரம் லீவு போட்டால், ஒரு அத்தியாயமே போயிடும்.

யாரெல்லாம் இதை எடுக்கணும்?

கல்லூரியில் சேரும்போது கணக்கு, ஆங்கிலம் இரண்டுக்கும் ‘ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட்’ வைப்பது நீண்டகால வழக்கம். அக்யூப்ளேசர், அலெக்ஸ் போன்றவை இந்த வகைத் தேர்வுகள். கம்ப்யூட்டரில் எழுதும் அந்த ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்து, ‘நீங்க காலேஜ் லெவல் கணக்குக்குத் தயார்’ அல்லது ‘நீங்க இன்னும் கீழே இருந்து தொடங்கணும்’ என்று பிரித்துவிடுவார்கள்.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். பல வருஷம் கழித்து எந்தத் தயாரிப்பும் இல்லாமல், ‘சும்மா ஒரு டெஸ்ட்தானே’ என்று போய் எழுதிவிடுவார்கள். அந்த மார்க் அவர்களின் அடுத்த ஒன்றரை வருஷத்தையே முடிவு செய்துவிடும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் இதை ஆராய்ந்தது. கணக்குத் தேர்வு எழுதியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர், தனக்குச் சற்றும் பொருந்தாத வகுப்பில் போடப்பட்டிருக்கிறார் என்பது 2014-ல் வெளியான ஆய்வின் முடிவு. அந்த ஒற்றைத் தேர்வைவிட, பள்ளியில் வாங்கிய மொத்த மதிப்பெண்தான் மாணவரின் திறமையைச் சரியாகக் காட்டுகிறது என்றும் அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

பாஸ் பண்ணாலும் கணக்கில் வராதா?

ஆமாம். இதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். பல கல்லூரிகளில் எலிமெண்டரி அல்ஜீப்ரா ‘ரிமீடியல்’ வகுப்பு, அதாவது பள்ளிப் பாடத்தில் விட்டதைப் பிடிக்கும் வகுப்பு. கட்டணம் கட்டணும், வீட்டுப்பாடம் செய்யணும், தேர்வு எழுதணும். ஆனால், பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் இது சேராது.

அதுவும் ஒரு வகுப்போடு முடியாது. பழைய முறையில் முதலில் கூட்டல், பெருக்கல், பின்னம் என்று அரித்மெட்டிக். பிறகு எலிமெண்டரி அல்ஜீப்ரா. அதற்குப் பிறகு இண்டர்மீடியட் அல்ஜீப்ரா. இதெல்லாம் தாண்டினால்தான் காலேஜ் லெவல் கணக்கு. மிகவும் கீழே போடப்பட்டவர் 3 செமஸ்டர் படித்து முடித்தாலும், கணக்கில் ஒரு கிரெடிட்கூட சேர்ந்திருக்காது.

எங்கே சறுக்குகிறார்கள்?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 பேர் முதல் வகுப்பில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகுப்பிலும் 70 சதவீதம் பேர் பாஸ் ஆகிறார்கள். நல்ல ரிசல்ட்தானே?

முதல் வகுப்பு முடிவில் 70 பேர். இரண்டாவது முடிவில் 49 பேர். மூன்றாவது முடிவில் 34 பேர். பாஸ் ஆனவர்கள் எல்லாரும் அடுத்த வகுப்பில் தவறாமல் சேர்ந்தால்தான் இந்த 34. நடுவில் வேலை மாறியது, குழந்தை பிறந்தது, பணம் இல்லை என்று ஒவ்வொரு இடைவெளியிலும் 10 சதவீதம் பேர் நின்றுவிட்டால், மிஞ்சுவது வெறும் 28 பேர்தான்.

இது நாம் போட்ட உதாரணக் கணக்கு. நிஜமும் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. மேலே சொன்ன அதே ஆய்வு மையம் 2010-ல் வெளியிட்ட முடிவின்படி, ரிமீடியல் கணக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே அந்த வரிசை முழுவதையும் முடித்தார்கள். முடிக்காதவர்கள் எல்லாரும் ஃபெயில் ஆனவர்கள் இல்லை. வகுப்பில் சேராமலேயே போனவர்கள், பாஸ் ஆகியும் அடுத்த வகுப்புக்கு வராதவர்கள் என்று ஏராளமானோர் அதில் இருந்தார்கள்.

அதாவது, பலரை நிறுத்தியது ‘எக்ஸ்’ மட்டுமல்ல, அந்த நீளமான வரிசையும்தான்.

நியூயார்க்கில் நடந்த சோதனை

‘அப்போ இந்த வகுப்பே இல்லாம நேரா மேல போனா என்ன ஆகும்?’ என்ற கேள்விக்கு சிட்டி யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க் 2013-ல் பதில் தேடியது. அதன் 3 கம்யூனிட்டி காலேஜ்களில், எலிமெண்டரி அல்ஜீப்ரா தேவை என்று முடிவு செய்யப்பட்ட சுமார் 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் 3 குழுவாகப் பிரித்தார்கள்.

முதல் குழுவுக்கு வழக்கமான எலிமெண்டரி அல்ஜீப்ரா. இரண்டாவது குழுவுக்கு அதே வகுப்போடு வாராந்திரப் பயிற்சியும் சேர்த்து. மூன்றாவது குழுவை நேராக காலேஜ் லெவல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது புள்ளியியல் வகுப்பில் உட்கார வைத்து, கூடவே வாராந்திரப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

ரிசல்ட் என்ன தெரியுமா? முதல் குழுவில் பாஸ் ஆனவர்கள் சுமார் 39 சதவீதம். இரண்டாவது குழுவில் 45. ‘இவங்களால முடியாது’ என்று நினைத்த மூன்றாவது குழுவில் 56 சதவீதம்! கிரெடிட் கிடைக்காத வகுப்பைவிட, கிரெடிட் கிடைக்கும் கடினமான வகுப்பில் அதிகம் பேர் தேறினார்கள். 2016-ல் வெளியான இந்த முடிவு கல்வித்துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

ஃப்ளோரிடா 2013-லேயே சட்டம் கொண்டுவந்து, பெரும்பாலான மாணவர்களுக்கு ரிமீடியல் வகுப்பைக் கட்டாயம் இல்லாமல் ஆக்கியது. கலிஃபோர்னியாவில் 2017-ல் நிறைவேறிய ‘ஏபி 705’ சட்டம், ப்ளேஸ்மெண்ட் தேர்வுக்குப் பதிலாகப் பள்ளி மதிப்பெண்ணை அடிப்படையாக வைத்து வகுப்பை முடிவு செய்யச் சொன்னது. 2022-ல் வந்த ‘ஏபி 1705’ அதை இன்னும் இறுக்கியது. சிட்டி யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க்கும் பழைய பாணி ரிமீடியல் வகுப்புகளை நிறுத்திவிட்டது.

இதற்கு மாற்றாகப் பல இடங்களில் ‘கோரெக்விசிட்’ முறை வந்திருக்கிறது. கிரெடிட் உள்ள கணக்கு வகுப்பில் நேராகச் சேரலாம். தேவைப்படும் அல்ஜீப்ராவை அதே செமஸ்டரில், பக்கத்திலேயே ஒரு துணை வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. ‘அடிப்படையே தெரியாதவரை நேரா மேல் வகுப்பில் தள்ளினா, அவர் அங்கே ஃபெயில் ஆவார்’ என்பது சில ஆசிரியர்களின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறவர்கள் கால்குலஸ் வரை போக வேண்டும். அவர்களுக்கு அல்ஜீப்ராவைத் தாண்டிக் குதிக்கும் வழி கிடையாது. எல்லா மாநிலங்களிலும் பழைய வகுப்பு ஒழிந்துவிடவும் இல்லை. இன்றும் பல கல்லூரிகளின் பட்டியலில் எலிமெண்டரி அல்ஜீப்ரா இருக்கிறது.

செலவு எவ்வளவு?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் அந்த மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்பது 2012 முதல் இருந்து வரும் கட்டணம். 5 யூனிட் வகுப்பு என்றால் 230 டாலர். வெளி மாநிலத்தவர், வெளிநாட்டு மாணவர்களுக்கு இது பல மடங்கு கூடும்.

அமெரிக்க அரசின் ‘பெல்’ உதவித்தொகை ரிமீடியல் வகுப்புக்கும் கிடைக்கும். ஆனால், 30 செமஸ்டர் கிரெடிட் அளவு வரைதான். பெல் உதவி ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் 12 செமஸ்டருக்குத்தான் என்பதால், இங்கே செலவழிக்கும் ஒவ்வொரு செமஸ்டரும் பின்னால் வரும் படிப்பிலிருந்து கழியும்.

புத்தகத்துக்குக் காசு வேண்டாம். ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ வெளியிட்டுள்ள ‘எலிமெண்டரி அல்ஜீப்ரா’ பாடநூலை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். சேர்வதற்கு முன்பே முதல் சில அத்தியாயங்களைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது

ஹெச்-4 விசாவில் இருக்கும் குடும்பத்தினர் அமெரிக்காவில் படிக்கத் தடை இல்லை. ஆனால், மாநிலவாசிக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநில விதியைப் பொறுத்தது. இந்தியாவில் பட்டம் முடித்தவர்கள், சான்றிதழை முறைப்படி மதிப்பீடு செய்து கொடுத்தால், கணக்கு வகுப்பிலிருந்தே விலக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. இதைக் கேட்காமல் ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

எஃப்-1 விசாவில் போகும் மாணவர்கள் முழுநேரப் படிப்பு என்ற கணக்குக்கு, ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பை மட்டுமே காட்ட முடியும். அதனால் ‘அல்ஜீப்ராவை ஆன்லைன்ல பாத்துக்கலாம்’ என்று முடிவு செய்யும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பாஸ் ஆக என்ன செய்யணும்?

முதல் கேள்வி: ‘என் படிப்புக்கு எந்தக் கணக்கு தேவை?’ சமூக அறிவியல், கலைப் படிப்புகள் பலவற்றுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போதும். கல்லூரி ஆலோசகரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேவையில்லாத வரிசையில் நிற்க வேண்டாம்.

இரண்டாவது, நேரம். ஒரு மணி நேர வகுப்புக்கு 2 மணி நேரம் வீட்டில் உழைக்கணும் என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வாரம் 4 மணி நேர வகுப்பு என்றால் மொத்தம் 12 மணி நேரம். முழுநேர வேலையில் இருப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் மற்ற பாடங்களை எடுக்க வேண்டும்.

மூன்றாவது, தப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் புதுப் பாடத்தில் இல்லை, பழைய பாடத்தில்தான். மைனஸ் குறி, பின்னம் இரண்டும்தான் அதிகம் கவிழ்க்கும். இன்னொன்று, (எக்ஸ் + 3)-ன் வர்க்கத்தை ‘எக்ஸ் வர்க்கம் + 9’ என்று எழுதுவது. சரியா, தப்பா என்று சந்தேகமா? எக்ஸுக்கு 1 போட்டுப் பாருங்கள். 4-ன் வர்க்கம் 16. ஆனால் 1 + 9 போட்டால் 10தான் வருது. நடுவில் 6எக்ஸ் விட்டுப்போச்சு! இப்படி ஒரு எண்ணைப் போட்டுச் சோதிக்கும் பழக்கம் இருந்தால், தேர்வில் பாதித் தப்பை நீங்களே பிடித்துவிடலாம்.

நான்காவது, உதவி கேளுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இலவச டியூஷன் மையம் இருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களைச் சந்திக்க வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். முதல் தேர்வில் மார்க் குறைந்த அன்றே போய் நில்லுங்கள், செமஸ்டர் கடைசியில் இல்லை.

ஐந்தாவது, விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் தேதி பார்த்துப் போங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் வேறு, மார்க் ஷீட்டில் ஃபெயில் விழாமல் விலகும் கடைசி நாள் வேறு. சொல்லாமல் நின்றுவிட்டால் ‘எஃப்’ விழும், உதவித்தொகைக்கும் சிக்கல் வரும்.

கடைசியாக ஒன்று. பாஸ் ஆனவுடன் ‘கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்று மட்டும் விடாதீர்கள். ஃபெயில் ஆகாமலேயே படிப்பை இழந்தவர்கள் அந்த இடைவெளியில்தான் காணாமல் போனார்கள். அல்ஜீப்ரா ரிசல்ட் வந்த அதே வாரத்தில் அடுத்த கணக்கு வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.