சாக்ஸுக்குள் ஒரு தண்ணீர்ப் பை

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான். வெயில் 32 டிகிரி. முன்னால் போன கார்கள் மண் சாலையில் கிளப்பிய புழுதி, ஓடுகிறவர்களின் தொண்டையை அடைத்தது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓட்டத்தில் தண்ணீர் கிடைத்தது ஓரிரு இடங்களில்தான். அதில் ஒன்று பாதி வழியில் இருந்த கிணறு. ஏற்பாட்டில் நேர்ந்த குறை அல்ல இது. தண்ணீர் குறைந்தால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசை, போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவனுக்கு. கிளம்பிய 32 பேரில் 14 பேர்தான் ஓடி முடித்தார்கள். வெற்றிபெற்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது, கூட வந்தவர்கள் அவர் வாயை மட்டும் நனைத்துவிட்டார்கள். பிறகு முட்டையின் வெள்ளைக்கருவோடு ஸ்ட்ரிக்னைன் கொடுத்தார்கள். எலியைக் கொல்ல வைக்கும் அதே நஞ்சுதான்!

அந்தக் காலத்து நம்பிக்கை அப்படி. தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், வேகம் போய்விடும் என்பார்கள். 1953இல் சர்வதேசத் தடகள சம்மேளனத்தின் விதியே இப்படித்தான் இருந்தது: 15 கிலோமீட்டர் தாண்டிய பிறகே பானம், அதுவும் அமைப்பாளர்கள் தருவது மட்டும், ஓடுகிறவர் தானாக எதையும் எடுத்துவரக் கூடாது. ஆக, தண்ணீரை எதில் கொண்டுபோவது என்ற யோசனைக்கே வேலை இல்லை. மாரத்தானில் போதிய தண்ணீர் குடிக்காததன் ஆபத்தைப் பற்றி 1969இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் விண்டமும் ஸ்ட்ரைடமும் எழுதினார்கள். பழைய நம்பிக்கை அதன் பிறகு மெல்ல ஆட்டம் கண்டது.

சுமக்கும் முறையை மாற்றியவரோ ஓட்டக்காரரே அல்ல. டெக்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஃபால்ஸில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் 100 மைல் சைக்கிள் பயணத்தில், 1989இல் மைக்கேல் ஐட்சன் என்பவர் கலந்துகொண்டார். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். கைவசம் இருந்த சலைன் பையில் தண்ணீரை நிரப்பி, நீளமான சாக்ஸ் ஒன்றுக்குள் செருகி, சட்டையின் முதுகில் குத்திக்கொண்டார். குழாயைத் தோள்வழியாக முன்னால் இழுத்து, ஒழுகாமலிருக்கத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினார். அந்தக் கைவேலைதான் கேமல்பேக் நிறுவனமாக வளர்ந்தது.

சைக்கிளில் போகிறவருக்கு முதுகில் மாட்டும் அந்தத் தண்ணீர்ப் பை வரம். ஓடுகிறவருக்கு அவ்வளவு இல்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. நிரப்ப வேண்டுமென்றால் முதுகிலிருந்து கழற்ற வேண்டும். இடுப்பு பெல்ட்டில் மாட்டிய பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் குதிக்கும். கையில் பிடித்தால் ஒரு பக்கத் தோள் வலிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ எடை அல்லவா? மார்புப் பையில் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குடுவைகள்தான் இந்தத் தொல்லைகளுக்கு நல்ல பதில். குடிக்கக் குடிக்கச் சுருங்கிவிடுவதால் உள்ளே காற்று தங்காது, களக் களக் என்ற சத்தமும் எழாது.

எல்லா ஓட்டத்திலும் தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில், 90 கிலோமீட்டர் அளவிலான தூரம் என்றாலும், பலர் வெறுங்கையோடு ஓடுகிறார்கள். வழிநெடுகத் தண்ணீர் பாக்கெட். பல்லால் கடித்து உறிஞ்சிக்கொள்ளலாம், மிச்சத்தைத் தலையில் பீய்ச்சிக்கொள்ளலாம். சகாராவில் கதை வேறு. 1984இல் பாட்ரிக் பாவர் என்பவர் 35 கிலோ மூட்டையோடு 350 கிலோமீட்டர் தனியே நடந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் தொடங்கிய மாரத்தான் தே சாபிள் ஓட்டத்தில் சாப்பாடு ஓட்டக்காரரின் முதுகில். தண்ணீரை மட்டும் அமைப்பாளர்களே தருகிறார்கள். ஆல்ப்ஸில் மோன் பிளான் மலையைச் சுற்றி ஓடும் யூ.டி.எம்.பி.யில் ஒரு லிட்டராவது சுமக்கும் வசதி கட்டாயம். குவளையும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.

சுமப்பது எளிதானதும் வேறொரு வினை வந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு அந்தக் குறை இருந்தது. தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது.

தடகள விதியும் தலைகீழாகிவிட்டது. இப்போது மாரத்தானில் சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் நிலையம் வைக்க வேண்டும். தொடக்கக் கோட்டிலிருந்தே தண்ணீரைக் கையிலோ உடம்பில் கட்டியோ எடுத்துப்போகவும் தடையில்லை.