இணையவழித் தொலைபேசி

குரலை எண்களாக்கி, சிறு பொதிகளாக நறுக்கி, இணையத்தில் அனுப்பும் பேச்சு முறை. 1995இல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் ‘இன்டர்நெட் போன்’ மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பழைய தொலைபேசியில், பேசி முடியும்வரை ஒரு தடம் அந்த இருவருக்கே ஒதுக்கப்படும். இங்கே அப்படி இல்லை. ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் குரல் நொடிக்கு 8,000 தடவை அளக்கப்படுகிறது; வழக்கமாக 20 மில்லிநொடிப் பேச்சு, 160 பைட்டுகளாக, ஒரு பொதியில் ஏறும். ஆக, நொடிக்கு 50 பொதிகள். அவை முன்பின்னாக வந்து சேரலாம். சில வராமலே போகலாம். தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்க நேரமில்லை. எனவே பெறும் கருவி வந்தவற்றைச் சற்றே தேக்கி, வரிசைப்படுத்தி ஒலிக்கிறது. விடுபட்டதை ஊகித்து நிரப்புகிறது. தேக்கம் கூடினால் தாமதமும் கூடும், இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள். மணி அடிப்பதும் இணைப்பை முடிப்பதும் ‘சிப்’ நெறிமுறையின் பொறுப்பு; குரல் ‘ஆர்டிபி’யில் செல்லும்.

வீட்டில் பழைய போனையே ஓர் இணைப்பிப் பெட்டி மூலம் பயன்படுத்தலாம். அலுவலகங்களில் உள் தொலைபேசிகளை இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியின் வேலையை ஆஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருள் செய்கிறது. எக்ஸ்டென்ஷன் எண் ஊழியரோடு ஊர் மாறும். செம்புக்கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இதிலோ கரண்ட் போனால் மோடமும் அணையும்; யுபிஎஸ் இல்லாவிட்டால் பேச்சு இல்லை.