மின்ஸ்மீட்

உலர்ந்த திராட்சை வகைகளோடு ஆப்பிள், சர்க்கரை, கொழுப்பு, வாசனைத் திரவியங்கள், பிராந்தி ஆகியவற்றைக் கலந்து ஜாடியில் அடைத்து ஊறவைத்து, கிறிஸ்துமஸ் காலத்துப் பணியாரங்களுக்குப் பூரணமாக இங்கிலாந்தின் இல்லங்களில் ஆக்கப்பெறும் பழப்பதம் மின்ஸ்மீட் எனப்படும்.

வரலாறு: மத்திய காலத்தில் மாமிசத்தைப் பழங்களோடும் கிராம்பு, ஜாதிபத்திரி முதலியவற்றோடும் கொத்திச் சேர்த்து மாவுக்கூட்டில் வைத்துச் சுடும் வழக்கம் செல்வர் விருந்துகளில் இருந்தது. ஜெர்வாஸ் மார்க்கம் 1615-இல் வெளியிட்ட இல்லறநூலில், ஆட்டுத்தொடை இறைச்சியே பிரதானமாய் நிற்க, திராட்சையும் பேரீச்சையும் ஆரஞ்சுத்தோலும் அதற்குத் துணையாகவே அமைந்தன. அந்நூற்றாண்டில் வெனிஸ் குடியரசின் ஆட்சியிலிருந்த ஜாகிந்தோஸ், கெபலோனியா தீவுகளில் விளைந்த விதையற்ற சிறு கருந்திராட்சையை ஆங்கில வர்த்தகர் பெருமளவில் கொணர்ந்தனர். பின்னர், மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் சிந்திய வியர்வையாலும் குருதியாலும் விளைந்த சர்க்கரை மலிந்தபோது, இனிப்பு ஓங்க ஊன் ஒதுங்கலாயிற்று. ஹன்னா கிளாஸ் அம்மையார் 1747-இல் எழுதிய சமையல் நூல் இம்மாறுதலைத் தெளிவாகக் காட்டுகிறது: மூன்று ராத்தல் கொழுப்பு, இருவகைத் திராட்சை வகைக்கு இரண்டு ராத்தல், ஐம்பது ஆப்பிள், அரை ராத்தல் சர்க்கரை, பிராந்தி முதலியன சேர்ந்த கலவையைக் கற்பாண்டத்தில் இறுக மூடிவைத்தால் நான்கு மாதம் கெடாதென்று கூறும் அவர், இறைச்சியை விரும்புவோர் பணியாரம் செய்யுங்கால் சேர்த்துக்கொள்ளலாமென விட்டுவிடுகிறார். 1861-இல் வெளியான பீட்டன் அம்மையாரின் நூலில் மாட்டிறைச்சி சேர்ந்த முறையும் சேராத முறையும் அருகருகே இடம்பெற்றன. இருபதாம் நூற்றாண்டிலோ இறைச்சி அறவே நீங்கிற்று எனலாம்.

பதமும் காரணமும்: உலர்ந்த பழத்தில் நீர் ஏற்கெனவே குறைந்திருக்க, எஞ்சிய நீரைச் சர்க்கரை தன்வயப்படுத்திக்கொள்வதாலும், எலுமிச்சையின் புளிப்பும் பிராந்தியின் சாராயமும் நுண்ணுயிர்களை அடக்குவதாலும், இப்பதம் மாதக்கணக்கில் நிலைக்கிறது. இதில் எளிதில் கெடுவது ஆப்பிளே. அதன் சாறு கசிந்து நொதிக்காதிருக்க, கலவை முழுவதையும் மிதமான சூட்டில் வைத்துக் கொழுப்பை உருக்கி, ஆறும்வரை கிளறி, அக்கொழுப்பு ஒவ்வொரு துண்டின்மீதும் படிந்தபின் பிராந்தி ஊற்றி ஜாடியில் அடைப்பர். இரண்டு வாரமேனும் ஊறினாலன்றிச் சுவை கூடாது. மாட்டுக்கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பை இடுவோர் இன்று பலராயினும், இலையுதிர்காலத்திலேயே கலந்து மூடிவைத்துப் பண்டிகைக்குத் திறக்கும் முறை பல இல்லங்களில் இன்றும் வழுவாது பேணப்படுகிறது.