வீரபாண்டியின் மஞ்சள்

தேனியிலிருந்து கம்பம் போகும் வழியில், முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவுக்காகக் கௌமாரியம்மன் கோயிலில் மூன்று கிளை கொண்ட அத்திமரக் கம்பம் நட்டுவிட்டால், ஆற்றில் முங்கி எழுந்து, ஈர உடை சொட்டச் சொட்டக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கூட்டம் ஓயாது. அக்கினிச் சட்டி எடுப்பவருக்கும் ஆயிரங்கண் பானை சுமப்பவருக்கும் மஞ்சள் உடைதான். கையில் கட்டும் காப்பும் மஞ்சள்தான்.

ஆலைச் சாயம் வருமுன் மஞ்சளை அரைத்துக் கரைத்து அதில்தான் வெள்ளைத் துணியை முக்கினார்கள். படிகாரம் எதுவும் சேர்க்காமலே பருத்தியில் ஏறும் இயற்கைச் சாயங்கள் சிலவே. மஞ்சள் அவற்றுள் ஒன்று. வெயிலில் வெளுக்கும். சுண்ணாம்பு பட்டால் சட்டென்று சிவக்கும். ஆரத்தித் தட்டில் காண்பது அந்தச் சிவப்பைத்தான்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினை 1815இல் வோகலும் பெல்லெத்தியேவும் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு தெரிய 1910 ஆனது. மிகச் சிறிய மூலக்கூறு அது. புற ஊதா விளக்கின் கீழ் எண்ணெயில் பச்சை கலந்த மஞ்சளாய் ஒளிரும், தண்ணீரில் மங்கிப்போகும். தண்ணீரிலிருந்து ஒதுங்க இடம் கிடைத்தால் ஒளி மீளும்.

அப்படி ஒதுங்க இடம் தருபவற்றில் ஒரு வகை, கிளைவிட்ட பாலிமர்கள். இயற்கையில் கிளைவிட்ட பாலிமரைப் பார்க்கச் சோற்றுப் பானையே போதும். பருத்தி இழையும் அரிசி மாவுச்சத்தும் ஒரே குளுக்கோஸால் ஆனவை. பருத்தியில் அது நேராக நீள்கிறது. அரிசியின் அமைலோபெக்டினில் மரம்போல் கிளைக்கிறது. 1940இல் கர்ட் மேயர் இதை எடுத்துக்காட்டினார். அயோடின் சொட்டினால் நேரான அமைலோஸ் நீலமாகும், கிளைத்தது செவ்வூதாவாகும். உள்ளே புகும் சின்ன மூலக்கூறே பெரியதன் வடிவத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒழுங்காகக் கிளைக்கும் மூலக்கூறை மனிதர் கட்டத் தொடங்கியது 1978இல், ஜெர்மனியின் பான் நகரில் ஃபோக்ட்லே குழுவினரால். 1985இல் அமெரிக்காவின் டவ் நிறுவனத்தைச் சேர்ந்த டொமாலியா, டென்ட்ரிமர்கள் எனும் இத்தகைய மூலக்கூறுகளை வெளியிட்டார். தலைமுறைக்குத் தலைமுறை கிளை நுனிகள் இரட்டிக்கும்: 4, 8, 16, 32. வெளிப்புறம் நெருக்கம், உட்புறம் இடைவெளி. அங்கே ஒளிரும் சாயம் நுழைந்ததா, நுனியில் ஒட்டியதா என்பதை ஒளியின் நிறமும் அது அணைய எடுக்கும் நேரமும் சொல்லும். அந்த நேரம் நானோநொடிக் கணக்கு. அதை அளக்கும் கருவிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், தேசிய அதிவேக நிகழ்வுகள் மையத்தில் உள்ளன. தண்ணீரில் கரையாத குர்குமினை மருந்தாகச் சுமக்கவும் டென்ட்ரிமர்களை ஆய்ந்துவருகிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கள்ளநோட்டுப் பார்க்கும் சிறு விளக்கு ஒன்றும், மஞ்சள்தூள் கலந்த தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் இருந்தால் போதும். அடுத்த சித்திரைக்கு முன், வகுப்பறை சன்னல்களைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள்.