ஊசியும் உரிமையும்

தமிழில் 'தையல்' என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. துணியை ஊசியால் இணைப்பது தையல், அழகும் தையல், பெண்ணும் தையல். மூன்று பொருளும் ஒரு சொல்லில் கூடியிருப்பது கண்டு மகிழலாம். ஆயினும், தைத்த உடையை அணிவதற்கும், தைத்துப் பொருள் ஈட்டுவதற்கும் நம் பெண்மக்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டு மகிழ்வது முறையாகாது.

மாணவ நண்பர்களே! பாட்டியார் காலத்து உடைகளில் இன்றைய இளைஞர்க்கு ஒரு தனி விருப்பம் பிறந்திருக்கிறது. தோளில் புடைத்து நிற்கும் கை வைத்த ரவிக்கை, சுருக்கம் வைத்த பாவாடை, பழம்புடவைத் துண்டில் தைத்த சுருக்குப்பை ஆகியவற்றை வீட்டிலேயே தைத்து அணிவதில் அவர்கள் இன்பம் காண்கின்றனர். நல்ல பழக்கமே. ஆனால் பழைய பாங்கை விரும்புவோர் பழைய வரலாற்றையும் அறிதல் வேண்டும். நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்தில் வாழும் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேல்மண்ணை அகற்றினாலன்றிப் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தோன்றாது என்பதை அவர்கள் நாள்தோறும் அறிவார்கள். எளிய ரவிக்கை ஒன்றின் வரலாறும் அவ்வாறு புதைந்து கிடப்பதே.

பண்டைத் தமிழர் உடுத்தவை பெரும்பாலும் தறியிலிருந்து இறங்கியவாறே உடலைச் சுற்றும் ஆடைகள். ஆயினும் ஊசியின் தொழிலை அவர்கள் அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரம் புகார் நகரத்தின் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது, துன்னகாரர் என்னும் தையற்காரரையும் சேர்த்துச் சொல்கிறது. முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் 'மெய்ப்பை' அணிந்து தோன்றுகின்றனர். மெய்யை உள்ளிட்ட பை மெய்ப்பை. சட்டைக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! தைத்த மேலாடை அந்நாளில் காவலர்க்கும் அயலார்க்கும் உரிய கோலமாகவே காட்டப்படுகிறது.

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கு வருவோம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய ஆண்டு 1956 என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே நாடார் முதலிய பல சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதை வழக்கமும் அரசாணையும் தடுத்தன. துணி வாங்கப் பணம் இல்லாமையால் அன்று. அணியும் உரிமை இல்லாமையால் அவர்கள் அந்நிலையில் இருந்தனர்.

அங்கே பணிபுரிந்த கிறித்தவச் சமயத் தொண்டர்கள், தம் சமயத்தைத் தழுவிய பெண்களுக்கென்று தளர்ந்த சட்டை ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். அதற்குக் 'குப்பாயம்' என்று பெயர். 1814இல் ஆங்கில ரெசிடெண்டு மன்ரோ அதனை அணிய இசைவளித்தார். எனினும், உயர்ந்தோர் எனப்பட்டோர் அணியும் தோள்சீலைக்கு இசைவு கிடைக்கவில்லை. சீலை அணிந்த பெண்கள் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர். அவர்தம் ஆடைகள் கிழிக்கப்பட்டன. கலகங்கள் பல நிகழ்ந்தன. முடிவில், 1859 ஜூலை 26ஆம் நாள் வெளியான அரச அறிக்கை நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்னும் கட்டுப்பாடு அதில் எஞ்சியிருந்தது. ஒரு முழம் துணியும் ஒரு வரித் தையலும் மனித மதிப்பின் அளவுகோலாக நின்ற காலம் அது.

அதே நாகர்கோவிற் பகுதியில் மார்த்தா மால்ட் என்னும் அம்மையார் சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தார். தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னுவது அக்கலை. அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியர் சிலர், அதனால் பெற்ற கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர் என்று அச்சமயச் சங்கத்தார் எழுதி வைத்துள்ளனர். விரல்களின் தொழில் விலங்கை அறுத்தது எனலாம்.

அந்நூற்றாண்டிலேயே தையல் இயந்திரமும் பிறந்தது. 1830இல் திமோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் அவர் இயந்திரங்கள் படைவீரர் உடைகளைத் தைத்தன. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அவற்றை உடைத்தெறிந்தனர். 1846இல் அமெரிக்கராகிய எலியாஸ் ஓவ், ஊசியின் காதை அதன் நுனியருகே வைத்து, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பூட்டிக்கொள்ளும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் வீட்டிற்கும் ஏற்ற வகையில் இயந்திரத்தைத் திருத்தினார். தவணை முறையில் விற்பனை செய்ததால் எளிய குடும்பங்களுக்கும் அது கிட்டியது. கையால் தைத்தால் சுமார் 14 மணி நேரம் பிடித்த சட்டை, இயந்திரத்தில் ஒரு மணிக்குச் சற்று மேலான நேரத்தில் முடிந்தது. 1930களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் உருவாகத் தொடங்கியது. சிங்கரோடு உஷாவும் நம் வீடுகளில் புகுந்தது.

இயந்திரங்களைப் பற்றி ஐயுறவு கொண்டிருந்த காந்தியடிகளே தையல் இயந்திரத்திற்கு விலக்களித்தார் என்பது கருதத்தக்கது. 1924இல் ராமச்சந்திரன் என்னும் மாணவர் அவரை இது குறித்து வினவினார். மனைவி ஓயாது தைத்துத் துன்புறுவதைக் கண்ட அன்பே சிங்கரின் படைப்பிற்குக் காரணம் என்று அடிகள் கருதினார். "அவ்வியந்திரத்தைச் செய்யவும் பெருந்தொழிற்சாலை வேண்டுமே?" என்று மாணவர் விடாமல் கேட்டார். அத்தகைய தொழிற்சாலை அரசின் உடைமையாக இருத்தல் வேண்டும் என்பது அடிகள் அளித்த விடையின் கருத்து. அந்த மாணவரே பின்னர், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து, 1947இல் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார். நல்ல வினா கேட்ட மாணவர் நல்ல நிறுவனத்தையும் படைத்தார்.

தமிழக அரசும் கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டோருக்கும் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் ஒன்றை வகுத்து, அதற்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைச் சூட்டியது. கல்வியைப் பாதியில் விட்ட பெண்ணொருத்தி, பிறர் கையை எதிர்பாராமல், குழந்தைகளை வளர்க்கவும் வீட்டை விட்டகலாமல் வருவாய் தேடவும் இயந்திரம் துணைசெய்யும் என்பதே அதன் அடிப்படை. அதே இயந்திரம் குறைந்த கூலிக்கு இரவெல்லாம் உழைக்கச் செய்யும் தளையாகவும் மாறக்கூடும். கருவி எவர் கையில் இருக்கிறது, கூலியை எவர் வரையறுக்கிறார் என்பவற்றைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமையும்.

ஆகவே, பழம்புடவையை வெட்டிச் சுருக்குப்பை தைக்க அமரும்போது, துணியை அளந்து, ஓரம் மடித்து, நேராகத் தைக்கப் பழகுங்கள். இத்தொழிலை ஆணுக்கு இழிவென்றும் பெண்ணுக்கே கடமையென்றும் பிரிக்காதீர்கள்; புகாரின் துன்னகாரர் முதல் இன்றைய கடைத்தெருத் தையற்காரர் வரை ஆடவர் பலர் ஊசியால் வாழ்ந்துள்ளனர். வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் முதன்முதலில் அணிந்த ரவிக்கையைத் தைத்தவர் யார், அதற்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வையுங்கள். ஏட்டில் ஏறாத வரலாறு அவர்கள் நினைவிலே இருக்கிறது. கேட்பார் இருந்தால் அது நிலைக்கும்.